வேர்த்தூவி இல்லாத நாற்பது தட்டுகள்

மார்ச் 4, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. இந்த நோட்டு வேர் அளந்து எழுதுவதற்காகப் பண்ணையில் கொடுத்தது. அதைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து என் சங்கதியை எழுத ஆரம்பித்திருக்கிறேன். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு உனக்கு என்ன நடந்துவிட்டது என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. வாயில் வராததை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நாற்றுப்பண்ணையில் சேர்ந்து இன்றோடு ஏழு மாதம். வேலையின் பெயர் தொழில்நுட்ப உதவியாளர். கொட்டகையில் என்னைக் கூப்பிடும் பெயர் டிகிரி. "டிகிரி வருது, பேச்சை மாத்துங்கடி" என்று அங்கே வேலை பார்க்கும் சின்னக்கா சொல்வாள், என் காதில் விழ வேண்டும் என்றே. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அது சின்னக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அம்மா மூன்று வருடம் தினமும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

அம்மா இதே பண்ணையில் தரம்பிரிப்பு மேசையில் பதினெட்டு வருடமாக நிற்கிறாள். சின்னக்கா அவளுக்கு எதிர்ப்பக்கம். நான் முன்கட்டிடத்தில் ஒரு சிறிய அறையில், ஒரு நுண்ணோக்கியையும் ஒரு மின்னடுப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் நாற்பது அடி சிமெண்டுத் தரை.

நாளை என் தட்டுகள் அந்த மேசைக்குப் போகின்றன. நாற்பது குழித்தட்டு, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டு மிளகாய் நாற்று. எல்லாவற்றிலும் விதைக்கும்போதே பூஞ்சை கலந்திருக்கிறேன். நோய்ப் பூஞ்சை இல்லை. வேருக்குள் குடியிருக்கும் பூஞ்சை. வேரின் செல்லுக்குள் குட்டி மரம் போலக் கிளைத்து நிற்கும். வெளியே, வேர் போக முடியாத சந்துகளுக்குள் இழை நீட்டி பாஸ்பரஸ் என்ற மணிச்சத்தை இழுத்து வந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி தன் இலையில் செய்த சர்க்கரையைக் கொடுக்கும். இதற்காக முதலாளியிடம் ஐந்து வாக்கியம் தொடர்ந்து பேசினேன். என் வாழ்நாளில் அதுதான் நீளமான சொற்பொழிவு. "சரிம்மா, நாப்பது தட்டு எடுத்துக்கோ. உரத்தண்ணியைப் பாதியாக் குறைச்சுக்கோ. செடி செத்துச்சுன்னா நான் உன்னைத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றார்.

செடி சாகவில்லை. நேற்று பத்து நாற்றின் வேரைக் காரநீரில் வேகவைத்து, வினிகரில் அலசி, பேனா மையில் ஊறவைத்துப் பார்த்தேன்; மை பூஞ்சையில்தான் ஒட்டும். நூறு இடத்தில் பார்த்தால் அறுபத்திரண்டில் நீல இழை. குட்டி மரங்கள் வரிசையாக நின்றன. நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5, புதன்

நாற்பது தட்டையும் கழித்துவிட்டார்கள். கழித்தது அம்மா.

மார்ச் 6, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இன்று முடிகிறது.

தரம்பிரிப்பு என்பது இப்படி: தட்டிலிருந்து நாற்றைத் தண்டைப் பிடித்து உருவுவார்கள். வேரும் தேங்காய் நார்க்கழிவும் சேர்ந்து குழியின் வடிவத்திலேயே ஒரு கட்டியாக வரும். அந்தக் கட்டியைச் சுற்றி வெள்ளை வெளேர் என்று வேர் ஓடி, வேரின் மேல் மெல்லிய தூவிகள் புசுபுசுவென்று இருக்க வேண்டும். அதற்குக் கொட்டகையில் பஞ்சு என்று பெயர். பஞ்சு விட்டது நல்ல நாற்று. விடாதது கழிவு. ஒரு தட்டுக்கு ஆறு நாற்றை உருவிப் பார்ப்பாள் அம்மா. மூன்றில் பஞ்சு இல்லையென்றால் தட்டே இடப்பக்கம் போய்விடும்.

நேற்று நான் போய் நின்றபோது இடப்பக்கம் மலை மாதிரி இருந்தது.

"மேடம், உங்க தட்டு கழிவு வரிசையில இருக்கு" என்றாள் அம்மா. வேலை நேரத்தில் அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள். பாதி கிண்டல், பாதி பெருமை. நேற்று இரண்டும் இல்லை.

"ஏம்மா?"

"வேர் எங்க? நீயே பாரு. பஞ்சு இருக்கா? தடியா நாலு வேர், கயிறு மாதிரி தொங்குது."

"அது பூஞ்சை உள்ள இருக்கறதாலம்மா…"

"எதால இருந்தா என்ன? வாங்க வர்றவன் வேரைத்தான் பாப்பான். உன் விளக்கத்தையா பாப்பான்?"

எதிர்ப்பக்கத்திலிருந்து சின்னக்கா: "பெத்த பொண்ணு தட்டையே தூக்கி வீசிட்டாளே! இனிமே நாமெல்லாம் ஒரு தப்புப் பண்ணினா என்ன கதி?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகம் என்ன செய்தது என்று தெரியவில்லை.

வீட்டில், சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "கோவமா?"

"இல்ல."

"இருந்தா இருக்கட்டும். உன் தட்டுன்னு நான் விட்டுட்டேன்னு வை. நாளைக்கு அந்த மேசையில எனக்கு என்ன மரியாதை?"

படுத்த பிறகு ஒன்று தோன்றியது. அம்மா பார்த்தது தப்பே இல்லை. என் நாற்றில் வேர்த்தூவி குறைந்திருக்கிறது, வேர் தடித்திருக்கிறது. இதே நோட்டின் முன்பக்கத்தில் நானும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்: தூவி நீளம் மற்ற நாற்றில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. எனக்கு அதை அளக்க நான்கு நாள் ஆயிற்று. அவளுக்கு ஒரு மூச்சு நேரம். பூஞ்சை குடிவந்ததும் வேர் தன் உருவத்தையே மாற்றிக்கொண்டுவிட்டது. அது பலவீனம் இல்லை. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். எழுதும்போது தடையில்லாமல் வருகிறது. வாயால் சொல்லும்போதுதான் வருவதில்லை.

மார்ச் 8, சனி

பண்ணைகளுக்கு மொத்தமாக நாற்று வாங்குபவர் வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் பேசுவதால் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். முதலாளி சும்மா இருக்காமல் என் தட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். கண்ணாடிக்காரர் ஒரு நாற்றை உருவி, மேலும் கீழும் திருப்பி, "என்னங்க இது, மொட்டை வேரு?" என்றார். முதலாளி சிரித்து மழுப்பினார்.

அவர் போனதும் என்னிடம்: "வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு அந்த இடம் வேணும்மா. எல்லாத்தையும் உதறச் சொல்லிடு."

உதறுவது என்றால், கழித்த நாற்றைத் தொட்டி விளிம்பில் தட்டி நார்க்கழிவை மட்டும் உதிர்த்து எடுத்துக்கொண்டு செடியைக் குப்பையில் போடுவது.

'வேண்டாம் சார், நட்டுப் பார்க்கலாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது. எனக்கு வாய்த்த வாய் அப்படி.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா குழாய் வேலை செய்பவர். வீட்டில் நானும் அம்மாவும் இரண்டு நாளாகப் பேசாததை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார், ஏனென்றால் இரண்டு பேரும் அவரிடமே பேசினோம்.

"என்னதான்டி உன் வேருக்குப் பிரச்சினை?" என்றார். சொன்னேன். வேர்த்தூவி எதற்கு, பூஞ்சை இழை எதற்கு, இழை இருந்தால் தூவி ஏன் குறைகிறது, எல்லாம். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல என்ன அதிசயம்? பெரிய லைன் நான் போடறேன். அரை இஞ்ச் லைன் இழுக்கறதுக்கு வேற ஆள் வெச்சுக்கறேன். ஆள் கிடைச்சப்புறம் நானே எதுக்கு அரை இஞ்ச் குழாயைத் தோள்ல தூக்கிட்டு அலையணும்?"

மூன்று வருடப் படிப்பை ஒரு ஸ்பேனரால் துடைத்து வைத்துவிட்டார். அம்மா உள்ளிருந்து, "வேற ஆள் வேலைக்கு வராம ஓடிட்டா?" என்றாள்.

நல்ல கேள்வி. நோட்டின் முன்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

பதினோரு மணி இருக்கும். என் அறை வாசலில் நிழல். அம்மா. ஏழு மாதத்தில் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. கால் முழுக்கச் சேறு என்பதால் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றாள். கையில் என் நாற்று ஒன்று.

"இது உதிர மாட்டேங்குது."

"என்னது?"

"பதினெட்டு வருசமா கழிச்சதை உதறிக்கிட்டிருக்கேன். வேர் இல்லாத கட்டி ரெண்டு தடவை தட்டினா பொலபொலன்னு கொட்டிடும். இதை அஞ்சு தடவை தட்டியாச்சு. வேரும் இல்ல, விடவும் மாட்டேங்குது. அப்ப எது புடிச்சுக்கிட்டிருக்கு?"

நான் அந்தக் கட்டியை வாங்கி மெதுவாகப் பிளந்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகால் தரையில் படாமல் நடந்து வந்தாள். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். நார்த் துணுக்குக்கும் துணுக்குக்கும் நடுவில் கண்ணாடி நூல் மாதிரி இழைகள், குறுக்கும் நெடுக்கும்.

வெகுநேரம் நிமிரவில்லை.

"சிலந்தி புகுந்த மாதிரில்ல இருக்கு" என்றாள். பிறகு, "இத்தனை வருசம் இது எங்க போச்சு?"

"நாம உரத்தண்ணியை ஊத்தி ஊத்தி வரவிடல. சாப்பாடு வாசல்லயே கிடைச்சா செடி எதுக்கு இதைக் கூப்பிடும்?"

"ம்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "உதிரலைங்கறது வரைக்கும் சரி. நல்ல நாத்துன்னு நான் சொல்லல. நட்டுப் பாத்தாத் தெரியும்."

"உதறச் சொல்லிட்டாரேம்மா."

"பதினோரு தட்டு உதறியாச்சு. மிச்சத்தை மெதுவா உதறச் சொல்றேன். நீ போய் வாயைத் திற."

மார்ச் 12, புதன்

வாயை உடனே திறக்கவில்லை. ஆனால் போனேன்.

முதலாளி அறையில் இரண்டு நாற்றோடு போய் நின்றேன். ஒன்று வழக்கமான கழிவு, வேர் குறைந்தது. மற்றது என்னுடையது. வழக்கமான கழிவை அவர் மேசை விளிம்பில் இரண்டு முறை தட்டினேன். அவர் காகிதம், பேனா, தேநீர்க் கோப்பை எல்லாவற்றின் மேலும் தூள். என்னுடையதை எடுத்து ஐந்து முறை தட்டினேன். ஒன்றும் விழவில்லை.

"ஏம்மா, தட்டறதுக்கு என் மேசைதான் கிடைச்சுதா?"

"இருபத்தொன்பது தட்டு மிச்சம் இருக்கு சார். நட இடம் வேணும். ஒரு மாசம்."

மூன்று வாக்கியம். எண்ணினேன். அவர் தேநீரில் விழுந்ததைக் கரண்டியால் எடுத்தபடி, "பின்னால தண்ணித்தொட்டிக்குப் பக்கத்துல நாலு பாத்தி சும்மா கிடக்கு. ரெண்டுல உன்னது, ரெண்டுல நம்ம முதல் தரம். ஒரே உரம், ஒரே தண்ணி. தோத்துட்டா மறுபடி பூஞ்சைன்னு என்கிட்ட வரக் கூடாது."

"வர மாட்டேன் சார்."

வெளியே வந்து அந்த நான்கு பாத்தியையும் ஒரு சுற்று சுற்றினேன். சொல்லிவிட்டேன். தோற்க மாட்டேன், அதுவும் தெரியும்.

மார்ச் 22, சனி

நட்டு ஒன்பது நாள். முதல் தர நாற்றுகள் என்னுடையதை விட உயரம். சின்னக்கா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "டிகிரி பாத்தியும் டிகிரி மாதிரியே குட்டையா இருக்கு" என்கிறாள். இருக்கட்டும். பூஞ்சை முதலில் தன் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். வேலையைப் பிறகுதான் காட்டும்.

நன்றாகத் தெரிந்த விஷயத்துக்கு ஏன் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கிறேன்?

மார்ச் 30, ஞாயிறு

இந்த வாரம் வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான். வியாழக்கிழமை நண்பகலில் போனபோது முதல் தரப் பாத்தி இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது. என் பாத்தி நிமிர்ந்து நின்றது. ஓரத்தில் நாலைந்து மட்டும் வாடியிருந்தன. அதையும் நோட்டின் முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அங்கே அம்மாவும் நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள்.

அவள் கையில் இருந்த பாட்டில் கழுத்து வரை நிரம்பியிருந்தது. வெள்ளிக்கிழமையும் தண்ணீர் குடிக்க வந்திருந்தாள். சனிக்கிழமையும்.

ஏப்ரல் 17, வியாழன்

ஜெயித்துவிட்டேன். ஜெயித்த நாளில் இப்படி உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கவில்லை.

கண்ணாடிக்காரர் வந்தார். முதலாளி எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப் போனார். என் பாத்தியில் செடிகள் ஒரு கை உயரம் கூடுதல், ஒவ்வொன்றிலும் மொட்டு. பக்கத்துப் பாத்தியில் மொட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணாடிக்காரர் முதன்முதலாகக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். கண் ரொம்பச் சின்னதாக இருந்தது. என்னிடம் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். ஏழு வாக்கியம், குரல் உடையாமல். ஜூன் முதல் வாரத்துக்கு அறுபது தட்டு வேண்டும் என்றார்.

அப்போது முதலாளி, கேலியாகத்தான், அம்மா பக்கம் திரும்பினார். "என்னம்மா, இது நீங்க கழிச்ச தட்டு. ஞாபகம் இருக்கா?"

எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆமாங்க, நான்தான் கழிச்சேன்" என்றாள் அம்மா. "தப்புதான்."

அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். பஸ்ஸில் சில்லறை எடுத்துக் கொடுப்பது போல. பதினெட்டு வருடத்தில் அந்த மேசையில் அவள் தப்பு என்று ஒரு முறையாவது சொல்லியிருப்பாளா? சின்னக்காவுக்குக்கூட ஜோக் வரவில்லை.

தப்பில்லை, அவங்க பார்த்தது சரி, அர்த்தம்தான் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாம இருந்துச்சு, இந்தச் செடி உயிரோட இருக்கறதே அவங்க வந்து உதிரலைன்னு சொன்னதாலதான் — இதெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே. ஏழு வாக்கியம் பேசியவளுக்கு எட்டாவது வரவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

அறுபது தட்டு விதைத்தாயிற்று. பூஞ்சையை என் கையாலேயே கலந்தேன்.

மே 13, செவ்வாய்

அம்மாவிடம் ஏதோ மாறிவிட்டது. முன்பெல்லாம் நான் எதைச் சொன்னாலும் ஒரு "ஏன்?" இருக்கும். இப்போது, "நீ சொன்னா சரிதான்." நேற்று தக்காளித் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் அறை வரை வந்து, "இதை விடலாமா மேடம்?" என்றாள். பதினெட்டு வருடமாக அவள் பார்க்கும் தக்காளி. எனக்கு அவளைவிட அதில் ஒன்றும் தெரியாது. அந்த மேடத்தில் கிண்டல் இல்லை, பெருமையும் இல்லை. வெறும் மேடம்.

எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாளாக மழை வேறு.

ஜூன் 2, திங்கள்

காலையில் அறுபது தட்டும் மேசைக்குப் போயின. முக்கால் மணி நேரத்தில் அறுபதும் வலப்பக்கம். அத்தனையும் தேறிவிட்டது. வழக்கமாக அரை நாள் ஆகும். "உங்கம்மா உன் தட்டுன்னா கண்ணை மூடிக்கிட்டுத் தள்றாடி" என்றாள் சின்னக்கா. எனக்கு — உண்மையை எழுதுகிறேன் — உள்ளுக்குள் குளிர்ந்தது. அம்மா என்னை நம்பிவிட்டாள் என்று.

மதியம் வழக்கமான மாதிரி எடுத்து வேகவைத்தேன். எட்டு மாதிரியில் ஆறு நன்றாக இருந்தன. இரண்டு காரநீரிலேயே கூழாகிவிட்டன. மிஞ்சிய துணுக்குகளில் ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. இரண்டும் நிழல்வலைக் கூடத்தின் வடமூலைத் தட்டுகள். ஓடிப்போய்ப் பார்த்தேன். மழைநாளில் அங்கே தரை உள்வாங்கி, தட்டுக்கு அடியில் தண்ணீர் நின்றிருக்கிறது. ஈரக்கோடு இன்னும் இருந்தது. வேர் அழுகல். பன்னிரண்டு தட்டு.

தட்டெல்லாம் லாரியில் ஏறிவிட்டன.

ஓடினேன். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. தேநீர்க் கடையிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள்.

ஜூன் 3, செவ்வாய்

பன்னிரண்டையும் இறக்கி, நாற்பத்தெட்டை அனுப்பினோம். முதலாளி கொட்டகையில் நின்று கேட்டார்: "இதை யார் பாத்து விட்டது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். "மூலையில தண்ணி நிக்குதான்னு பாக்க வேண்டியது என் வேலை சார். மழைநாள்ல நான் பாக்கல. என் தப்பு." அது உண்மையும்கூட. அவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "லாரியை நிறுத்தினதால பொழைச்சோம். தரையை மேடாக்கச் சொல்லு" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், பஸ் நிறுத்தத்தில், யாரும் இல்லாதபோது கேட்டேன்.

"அழுகின வேரும்மா. உனக்குத் தெரியாமப் போச்சா?"

"வாசனை வந்துச்சு."

"என்னது?"

"காலையிலயே வந்துச்சு. நுனி பழுப்பாவும் இருந்துச்சு."

"அப்புறம் ஏம்மா விட்ட? ஏன்? ஒரு வார்த்தை என்கிட்ட —"

"உன் தட்டாச்சே." பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேர் இல்லைன்னாத்தான் நல்லதுன்னு ஆயிடுச்சு. ஊர் முன்னால ஒரு தடவை தப்பாயிட்டேன். இந்த வாசனையும் உன் பூஞ்சை பண்றதா இருக்கும், நாம எதுக்கு வாயைக் குடுக்கணும்னு…"

பஸ் வந்தது. உட்கார இடம் ஒன்றுதான் இருந்தது. என்னை உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. அவளும் உட்காரவில்லை. காலி இருக்கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வீடு வரை நின்றோம்.

ஜூன் 5, வியாழன்

இரண்டு நாளாக ஒரே நினைப்பு. தூவி இல்லாத வேர் இரண்டு வகை. ஒன்று, வேலையைச் செய்ய ஆள் வந்துவிட்டதால் தூவியை விட்டுவிட்ட வேர். இன்னொன்று, செத்துக்கொண்டிருக்கும் வேர். பார்வைக்கு இரண்டும் மொட்டைதான். எனக்கு அதைப் பிரித்துச் சொல்ல அடுப்பு வேண்டும், மை வேண்டும், அரை நாள் வேண்டும். அறுபது தட்டில் எட்டைத்தான் என்னால் வேகவைக்க முடியும். மிச்சம் ஐம்பத்திரண்டுக்கும் அம்மாவின் மூக்குதான் இருக்கிறது. அந்த மூக்கை நான் ஜெயித்துவிட்டேன். இதற்கா ஜெயித்தேன்?

கண்ணாடிக்காரர் பேசினார். நாற்பத்தெட்டும் நன்றாக இருக்கிறதாம். குறைந்ததை நாமே முந்திச் சொன்னது பிடித்திருந்ததாம். அடுத்த நடவுக்கு நூறு தட்டு கேட்கிறார். முதலாளி, "பூஞ்சை நாத்துக்குத் தனியா தர அட்டை எழுதி மேசைக்கு மேல மாட்டிடு. இனிமே குழப்பம் வரக் கூடாது" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

அட்டையை வீட்டுக்கே எடுத்து வந்தேன். அப்பா வாஷரைத் தேடி வீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுதியதை உரக்கப் படித்தேன். முதல் வரி: முதன்மை வேரின் தடிமனை அளவுகோலால் அளக்கவும்.

"நீ சொன்னா சரிதான்" என்றாள் அம்மா.

இரண்டாவது வரி: ஒவ்வொரு நாற்றிலும் கிளைவேர்களை எண்ணிக் குறித்துக்கொள்ளவும்.

துணி நின்றது. "ஒவ்வொண்ணுலயுமா?"

"ஆமா."

"எண்ணிக்கிட்டே நின்னா சாயங்காலத்துக்குள்ள ஒரு தட்டு முடியுமா?"

"முடியாதா?"

"அளவுகோலை வெச்சு வேரை அளந்தா வேர் காஞ்சுடும்டி. யார் எழுதினது இதை?"

"நான்தான்."

"அடிச்சுடு."

அடித்தேன். இரண்டையும். பிறகு அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நடுவில் மூன்று முறை சண்டை. நுனி வெள்ளையாக இருந்தால் போதும் என்றாள். நான், பழுப்பு எவ்வளவு தூரம் ஏறினால் கழிவு என்று சொல்ல வேண்டும் என்றேன். அவள் விரல் நகத்தைக் காட்டினாள், "இம்புட்டு." நகத்தளவு என்று எழுதினேன். கட்டியை மூன்று முறை தட்டச் சொன்னாள், ஐந்து வேண்டும் என்றேன், நாலில் முடிந்தது. முகர்ந்தால் மண் வாசனை வர வேண்டும், குட்டை வாசனை வரக் கூடாது. "குட்டைன்னா எந்தக் குட்டை?" என்றார் அப்பா, கட்டிலுக்கு அடியிலிருந்து. "உங்க வாளி" என்றாள் அம்மா.

பஞ்சைப் பற்றி ஒரு வரி எழுதலாமா என்று கேட்டேன். அம்மா கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். "பஞ்சு இல்லைங்கறதுக்காக மட்டும் கழிக்க வேணாம்னு எழுது. மட்டும்ங்கறதுக்கு அடியில கோடு போடு."

போட்டேன். ஆறு வரி. கீழே என் பெயரை எழுதச் சொன்னார் முதலாளி. நான் அதற்கு முன்னால் அம்மாவின் பெயரை எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து கோணலா இருக்கு" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே கேட்க நினைத்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கேட்டேன். முதுகைப் பார்த்துத்தான் கேட்க முடிந்தது.

"அம்மா, அடுத்த தடவை என் தட்டு வரும்போது யாரோடதுன்னு பாக்காத. புடிக்கலைன்னா எல்லார் முன்னாலயும் கழிச்சுப் போட்டுடு."